யானைக்குப் போட்ட திரை

வேலை முடிகிறவரை இனி எந்தச் சுவரையும் மனைவி கண்ணில் காட்டுவதில்லை என்று பெயிண்டர் முடிவெடுத்துவிட்டார்.

காரணம் இருந்தது. போன முறை வேறொரு பள்ளிக்கூடத்தில் அவர் ஏணி உச்சியில் நின்று ஒட்டகச்சிவிங்கிக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, "என்னங்க, ஒரு கண்ணு நம்மளப் பாக்குது, இன்னொண்ணு பஸ் வருதான்னு பாக்குது" என்றாள். தெருவே சிரித்தது. அவர் கண்ணை அழித்து மறுபடி வரைந்தார். அவள் சொன்னது சரி என்பதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

காகிதத்தில் வரைகிறவன் தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தால் போதும், படம் முழுசும் தெரிந்துவிடும். சுவரில் வரைகிறவன் ஏணியிலிருந்து இறங்கி, சாலையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். பெயிண்டருக்கோ முழங்கால் வலி. அதனால் எதிர்ப்பக்கம் நிற்கிற வேலை இத்தனை வருஷமாக மனைவியுடையது. வர்ணம் கலப்பதும் அவள்தான். படத்தின் அடியில் போடுகிற பெயர் மட்டும் அவருடையது.

இந்த முறை ஆரம்பப் பள்ளியின் மதில். புத்தகம் படிக்கும் யானை. "நல்லா வந்தா நூலகத்துச் சுவரையும் குடுத்துடலாம்" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அது ஊரிலேயே பெரிய சுவர். பெயிண்டர் கனவிலும் அதற்குத்தான் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

மதில் முழுக்கத் தார்ப்பாய் கட்டினார்.

"மதியம் சாப்பாட்ட வெளியவே வெச்சிட்டுப் போயிடு. உள்ள எட்டிப் பாக்கக் கூடாது."

"சரிங்க."

"எதிர்ப்பக்கமும் நிக்கக் கூடாது."

"நின்னா மட்டும் என்ன தெரியப்போகுது? அதான் திரை போட்டுட்டீங்களே."

அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததே கிடையாது. பெயிண்டர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டுக் கேரியரில் ஒரு அடுக்கு கூடிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டு, திரை நிழலில் சாக்கை விரித்துப் படுத்தால், பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்துத்தான் அவர் எழுந்திருப்பார். எழுந்தால் அதிசயம் காத்திருக்கும்.

"காலையில யானைக்கால் குச்சி மாதிரி தெரிஞ்சுது. தூங்கி எழுந்து பாத்தா கும்முனு இருக்கு" என்றார் மனைவியிடம். "கையில ஒரு கோளாறும் இல்ல. கண்ணுக்குத்தான் ஓய்வு வேண்டியிருந்திருக்கு."

"அப்படியா?"

"துதிக்கையும் அப்படித்தான். இத்தனை நாளா நீ எதிர்ப்பக்கம் நின்னு கத்தினதுலதான் எனக்குக் கை நடுங்கியிருக்கு."

"இருக்கும்ங்க. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேத்து வெக்கறேன்."

"அதென்ன, முழங்கையில சாம்பல் கலரு?"

"பாத்திரம் தேச்சேன்."

காய்ந்த வர்ணத்தைப் பார்த்தே எந்த டப்பா என்று சொல்லிவிடுகிற மனிதர், நம்பிவிட்டார்.

திறப்பு நாளில் தார்ப்பாய் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. பெயிண்டர் நொண்டிக்கொண்டே முதல்முறையாகச் சாலையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு குறை இல்லை. இவ்வளவு நல்ல யானையை அவர் வரைந்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

தலைமையாசிரியை பக்கத்தில் வந்தார். "நூலகச் சுவர முடிவு பண்ணிட்டேன் சார்."

"எப்ப ஆரம்பிக்கணும் மேடம்?"

"அத உங்க வீட்டம்மாதான் சொல்லணும். என் ரூம் மாடியில இருக்கு. தினம் மதியம் நீங்க தூங்கினதும் அவங்க திரைய ஒதுக்கிட்டு, ரோட்டத் தாண்டிப் போய்ப் பாத்துட்டு வந்து, பிரஷ்ஷை எடுப்பாங்க. உங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு ஏணியக்கூட இழுக்க மாட்டாங்க, தூக்கித்தான் வெப்பாங்க. சுவர் அவங்களுக்குத்தான்."

பெயிண்டர் மெதுவாக, பின்னால் வந்து நின்றிருந்த மனைவி பக்கம் திரும்பினார். அவள் காலிக் கேரியரை அவர் கையில் கொடுத்தாள்.

"மதியம் வெளியவே வெச்சிட்டுப் போயிடுங்க. உள்ள எட்டிப் பாக்கக் கூடாது."