காரணி தேடிய அலுவலகம்

நாட்டின் ஒற்றுமையை யாராலும் பிரிக்க முடியாது என்பதை ஓர் எண்ணின் மூலம் நிரூபிப்பதென்று ஒற்றுமை அமைச்சகம் முடிவு செய்தபோது, பல்கேரியாவில் எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் பக்கத்து நாட்டுக்காரர்கள் தேசியக் காளான் அறிவித்திருந்தார்கள். நாங்கள் சும்மா இருக்க முடியுமா?

அறுநூறு இலக்கம் கொண்ட, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத ஒரு பகா எண்ணை எங்கள் ஊரான கோர்னா ரெக்காவின் சதுக்கத்தில் பளிங்கில் செதுக்கினார்கள். அதன் கடைசி இலக்கங்களைப் பெண்கள் கழுத்துத் துணியில் அச்சடித்துக் கட்டிக்கொண்டார்கள். புதுமணத் தம்பதிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தம்மை எதுவும் பிரிக்காதாம்.

கல்லூரியில் கணிதம் நடத்தும் ரும்யானா தோச்சேவா அது பகா எண்தானா என்று கணினியில் ஒரு சோதனை போட்டுப் பார்த்தாள். காபி ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. அன்றே அமைச்சகத்தின் மாவட்ட அதிகாரி கல்ஃபினிடம் போனாள்.

"சார், அது பகா எண் இல்ல. வகுபடும்."

"யாரால?"

"அது தெரியாது சார்."

"பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஆனா நாட்டுச் சின்னத்தைப் பிரிக்கிறாங்கன்னு புகார் குடுக்க வந்துட்டீங்க."

"புகார் இல்ல சார், கணக்கு. பகா எண்ணா இருந்தா இந்தச் சோதனையில மீதி ஒண்ணு வரணும். வரல. அதை வகுக்கிற எண், அதான் காரணி, எதுன்னு தெரியாமலே, காரணி இருக்குன்னு சொல்லிடலாம்."

"ஆளைக் காட்ட முடியாது, ஆனா வீட்டுக்குள்ள ஆள் இருக்கு?"

"வாசல்ல செருப்பு கிடக்கே சார்!"

கல்ஃபின் யோசித்தார். "கடைசியில ஏழுதானே இருக்கு? எட்டாக்கிடலாமா? கல் கொத்தறவர் நம்ம ஆளுதான்."

"அப்போ ரெண்டால வகுபடும்."

"சேச்சே, அது எல்லாருக்கும் தெரிஞ்சுடும். வகுபடறதுன்னா கண்டுபிடிக்க முடியாதபடி வகுபடணும், அதுதான் கௌரவம்."

மறுவாரம் ஆணை வந்தது: 'காரணிகள் நேரில் ஆஜராகும்வரை மேற்படி எண் தற்காலிகமாகப் பகா எண்ணாகவே கருதப்படும்.' கூடவே, பிரிவினை மனப்பான்மையைப் பரப்பியதற்காக ரும்யானாவின் வேலையும் போனது.

அவள் சதுக்கத்தில் போய் நின்று, "இது வகுபடும்!" என்று கத்தினாள். வெள்ளை உடையில் நின்ற மணப்பெண், "எங்க கல்யாண நாளும் அதுவுமா ஏன்மா சாபம் விடற?" என்று பூங்கொத்தாலேயே அடித்தாள். ரும்யானா அன்று வீட்டுக்கு வந்து, எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

பூங்கொத்தடி தொலைக்காட்சியில் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிலிருந்து தொலைபேசி வந்தது. உண்மை என்னவென்று அறிய ஐரோப்பா தாராளமாக நிதி தருமாம், காரணி கிடைக்கும்வரை. கல்ஃபின் பூரித்துப்போனார். காரணி தேடல் அலுவலகம் பிறந்தது. காரணி இருப்பதாக நம்பும் ஒரே ஆள் என்பதால் ரும்யானாவே இயக்குநர். உண்மைக்காகத்தானே என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

கல்ஃபினின் மருமகன், மேயரின் மச்சினி, கல் கொத்தியவர், பூங்கொத்தால் அடித்த மணப்பெண் என்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். காலையில் மூன்றால் வகுத்துப் பார்ப்பார்கள். வராது. மதியம் சரிபார்ப்பதற்காக மறுபடி மூன்றால் வகுப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து வார்னாவிலிருந்து ஆசென் புக்லியெவ் என்ற ஆய்வாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார். "மேடம், கிடைச்சிடுச்சு! முப்பத்தோரு இலக்கக் காரணி! நீங்க சொன்னதுதான் சரி!"

ரும்யானா வகுத்துப் பார்த்தாள். மீதி பூஜ்யம். கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்தால், வாசலில் நாற்பது பேரும் வகுப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல மேடம், முதல்ல உங்ககிட்டதான்..."

"உக்காருங்க ஆசென். வார்னாவுல என்ன சம்பளம் தர்றாங்க?"

ஆசென் இப்போது துணை இயக்குநர். தேடல் தீவிரமாக நடக்கிறது, ஏழால் வகுக்கும் பிரிவுக்குத் தனிக் கட்டடமே எழும்புகிறது. இந்த ஊரில் விஷயம் தெரியாதவர் யாருமில்லை. என் மகளுக்கும் போன மாதம் அங்கே வேலை கிடைத்துவிட்டதால், நான் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை.