ஏசுஅடிமையின் வெள்ளையணுக்கள்

ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சை மத்தியானம் வரை எடுப்பதில்லை என்று ஏசுஅடிமை முடிவு செய்திருந்தான். எடுத்துவிட்டால் பார்க்கிறவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ரத்தம் எடுத்தது இது மூன்றாவது தடவை. மலேரியா வந்து குணமானவர்களின் வெள்ளையணுக்கள் அந்தக் கிருமியை எத்தனை மாதம் ஞாபகம் வைத்திருக்கும் என்று பார்க்கிறார்களாம். ஆடி மாதக் காய்ச்சலில் அவன் போட்ட முனகல் தெருவுக்கே தெரியும். பதினைந்து நாள் கம்பளியை விட்டு வெளியே வரவில்லை. மனைவி இசபெலுக்கும் அதே வாரம் காய்ச்சல்தான். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு மீன் விற்கப் போய்விட்டாள். அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா என்று ஏசுஅடிமைதான் எல்லோருக்கும் விளக்கினான்.

வீட்டில் பொரித்த மீன் இரண்டு துண்டு கூடுதலாகக் கேட்டான். "எனக்கில்லட்டி, வெள்ளையணுவுக்கு."

கடற்கரையிலும் சும்மா இருக்கவில்லை. "எனக்க ரத்தத்துல பட்டாளம் நிக்கு, மக்கா! இனி எந்தக் கொசு கடிச்சாலும் ஒண்ணும் செய்யாது."

"அப்பம் நல்லதாப் போச்சு" என்றார் படகுக்காரர் எபிசன். "கொளத்தாங்கரையில வலை கெடக்கு. கொசுவுக்குப் பயந்து ஒருத்தனும் இருக்கமாட்டேங்கான். நீ இருந்து கிழிசலச் சரியாக்கு."

அரை மணி நேரத்தில் முகமெல்லாம் தடித்துவிட்டது. சொறிந்துகொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, பட்டாளத்துக்கு ஓய்வு வேணும். ரொம்ப வேல குடுத்தா படிச்சதெல்லாம் மறந்துருமாம்."

"ஓய்வா? அப்பம் கடலுக்கும் வரண்டாம். ஒனக்க எடத்துல அந்தப் பய ஜெபிஷு வரட்டு."

ஏசுஅடிமை சொறிவதை நிறுத்திவிட்டான். இருபது வருஷமாக எபிசனின் படகில் முன்பக்கம் அவன் நிற்கிற இடம் அது. கடலுக்குப் போகாமல் கரையில் அவனுக்கு என்ன வேலை?

"வாய்தவறிச் சொல்லிட்டேன் அண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"அத ரத்தம் எடுக்க வருகாளே, அந்த ஆஸ்பத்திரிக்காரி வந்து சொல்லட்டு" என்று எபிசன் ஒரே பிடியாக நின்றார்.

இதைக் கேட்ட இசபெல் சட்டியைக் கழுவியபடியே, "இஞ்ச பாருங்க, ஒரு காரியம் சொல்லட்டா? அந்தக் காய்ச்சலு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா கெடட்டி! ஒனக்கு விஞ்ஞானம் தெரியாது."

அவள் சிரித்துக்கொண்டே மிச்சச் சட்டியைக் கழுவினாள்.

மறுநாள், பக்கத்துத் தெருவில் ரத்தம் எடுக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஸ்மிதாவை ஏசுஅடிமை கையோடு கடற்கரைக்கு அழைத்துவந்துவிட்டான். படகுக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மீன் கூடையோடு இசபெலும் வந்து நின்றாள்.

"தங்கச்சி, எல்லாரும் கேக்க உள்ளதச் சொல்லு. எனக்க பட்டாளத்த வச்சிக்கிட்டு நான் கடலுக்குப் போலாமா, கூடாதா?"

ஸ்மிதா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தாராளமாப் போங்க அண்ணா, மலேரியா வந்தது இசபெல் அக்காவுக்கில்லியா? நீங்க சும்மா ஒப்பிட்டுப் பாக்க எடுத்த ஆளு!"