கலாராணிக்கு ரெண்டு மூட்டை

வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் லுணுகலையில் இருக்கிற என் மனைவியின் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வார்கள்.

என் பெயர் நல்லையா. நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். ஆபீசில் என்னைக் கண்டால் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். வீட்டில் நான்தான் எழும்பி நிற்பேன். மனைவி கலாராணி, தோட்டப் பாடசாலையில் டீச்சர்.

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தொரை ஓட்டிய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. மழைக்கு இழுத்துப் போட ஒரு துணி இருந்தது, அதை எலி தின்றுவிட்டது. தோட்டத்தில் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர். சில பேர் என் தலையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

போன மாதம் கலாவை அதில் பதுளை டவுனுக்குக் கூட்டிப் போனேன். கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். அவள் பக்கக் கதவைச் சாத்தினேன். மூடவில்லை. முட்டுக் கொடுத்துத் தள்ளினேன். மூடவில்லை. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்போது என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"நீ உக்காந்தா வண்டி நடுவுல தொங்கிப் போவுது கலா. கதவு பாவம், அது என்ன செய்யும்?"

சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன். கூட்டம் சிரித்தது. கலா சிரிக்கவில்லை. இறங்கினாள். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனதும் தீர்ப்பு வந்தது.

"என்னங்க, தம்பி மக கல்யாணத்துக்கு லுணுகலைக்கு நான் அந்தக் கார்லதான் போவேன். எங்க ஆளுங்க முன்னால கதவு ஒழுங்கா மூடணும்."

"மூடாட்டி?"

"மறுநாளே அதுல கோழி அடைப்பேன்."

"ஐயோ, அது ஸ்போர்ட்ஸ் கார் கலா!"

"கோழியும் கொஞ்சம் ஸ்போர்ட்ஸ் பழகட்டும். இல்லாட்டி ஸ்டியரிங்க என்கிட்ட குடுங்க. லைசன்ஸ் எடுத்து வச்சிருக்கேன்ல?"

"மலை ரோட்டுல நீயா? அதெல்லாம் சரிவராது" என்றேன். அதுவும் என் வாய்தான்.

பதுளையில் மபாஸ் நானாவின் கராஜுக்குக் காரைக் கொண்டுபோனேன். மனுஷன் கம்பு மாதிரி ஒல்லி. காருக்கு அடியில் நுழைந்து, தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சேர், கூரை உள்ள கார் மூடி போட்ட சப்பாத்துப் பெட்டி மாதிரி. மூடிய எடுத்துட்டா பெட்டி வளையும் தானே? இந்தக் காருக்குப் பலமெல்லாம் கதவுக்குக் கீழ ஓடுற சட்டத்துலதான். அது துருப்புடிச்சு அப்பளமாப் போயிருக்கு."

"அப்ப என் வீட்டுக்காரி மேல குத்தம் இல்லையா?"

"சின்னப் புள்ள ஏறினாலும் தொங்கும் சேர்."

எனக்குச் சுருக்கென்றது. நேராக வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. காரை விறைப்பாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"புதுச் சட்டம் வச்சு வெல்டிங் பண்ணலாம்" என்றார் நானா. "ஆனா ரெண்டு பேர் உக்காந்த மாதிரி சீட்டுல பாரம் ஏத்தி, கதவப் பொருத்தி வச்சிட்டுத்தான் பண்ணணும். டீச்சர்ட பாரம் எவ்வளவு?"

தோட்டத்து மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், ஒரு தராசு இருக்கிறது. அதில் ஏறி நில்லு என்று கலாவிடம் சொல்வதா? எனக்கு இன்னும் உயிர் மேல் ஆசை இருக்கிறது. குத்துமதிப்பாக அடித்துவிட்டேன்.

"உருளைக்கிழங்கு மூட்டை ஐம்பது கிலோதானே? அவளுக்கு ரெண்டு போடுங்க."

"ரெண்டா!"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"உங்களுக்கு?"

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். "ஒண்ணு."

நானா என் வயிற்றைப் பார்த்தார். அவர் பார்வையை எடுக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. "சேர் சொன்னாச் சரி" என்றார்.

கல்யாணத்தன்று காலையில் நானாவே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பக்கத்து சீட்டில் ரெண்டு மூட்டை கிழங்கு, கயிற்றால் கட்டி. கலா பட்டுச் சேலையோடு வெளியே வந்தாள். நான் மூட்டைகளை இறக்கிவிட்டு, "மகாராணி ஏறலாம்" என்றேன். ஏறினாள். கதவைச் சாத்தினேன். கொக்கி எட்டவில்லை. திரும்பவும் சாத்தினேன். கதவு திரும்பி வந்து என் முழங்காலில் அடித்தது.

"பாரத்தோட வளைஞ்சு நிக்கும்போது பொருத்தின கதவு" என்று நானா தலையைச் சொறிந்தார். "பாரம் இறங்கினதும் சட்டம் நிமிந்துட்டுது. டீச்சர் இவ்வளவு மெல்லிசுன்னு எனக்கென்ன தெரியும்? டீச்சருக்கு ரெண்டு மூட்டை, தனக்கு ஒண்ணுன்னுதானே சேர் சொன்னார்."

கலா என்னைப் பார்த்தாள். பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் என்று இருந்தது. அது பிளக்காததால், ஓடிப் போய் என் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு மூட்டைக்குப் பொருத்தின என் பக்கக் கதவு இறுகிப்போய் நின்றது. மூடவே இல்லை.

"இறங்குங்க" என்றாள். இறங்கினேன். அவள் உட்கார்ந்தாள். டக். பூப்போல மூடிக்கொண்டது.

"நானா, அந்த மூட்டைங்கள பக்கத்து சீட்டுல ஏத்துங்க."

டக். அந்தக் கதவும் மூடிக்கொண்டது.

"கலா, அப்ப நான்?"

"உங்களுக்கு எங்கங்க எடம்? உங்க பொண்டாட்டிதான் உக்காந்திருக்காளே." மூட்டைக்கு ஒரு சால்வையைப் போர்த்திவிட்டாள். "பாவம், காத்து அடிக்கும்."

போய்விட்டாள். மலை ரோட்டில் ஒரு குலுக்கல் இல்லாமல் கார் இறங்கிப் போவதை நின்று பார்த்தேன். எத்தனை நாள் அவளுக்குச் சாவி கொடுக்காமல் இருந்தேன்!

நான் பட்டு வேட்டியோடு பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து லுணுகலைக்கு இன்னொரு பஸ். ரெண்டிலும் நின்றுகொண்டேதான். மண்டப வாசலில் மச்சினன் கைகூப்பினான்.

"வாங்க மச்சான்! ரெண்டு மூட்டை அக்கா முன்னாலயே வந்துட்டாங்க. குசினில வெந்துகிட்டு இருக்காங்க."

மண்டபமே சிரித்தது. பதுளைக் கடைத்தெருவில் கேட்ட அதே சிரிப்பு. அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காது மடல் வரைக்கும் எரிந்தது.

பந்தியில் உட்கார்ந்தேன். கலாதான் கிழங்குக் கறி பரிமாறிக்கொண்டு வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"கலா, அன்னைக்கு டவுன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்புத்தான்."

"சரி, திரும்பிப் போறப்ப கார்லயே வாங்க" என்றாள்.

தலையை நிமிர்த்தினேன். "நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா அந்தச் சீட்டுக் கதவுக்கு ரெண்டு மூட்டை பாரம் வேணுமே" என்று சொல்லி, என் இலையில் கிழங்கை ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று கொட்டினாள்.

"ஒன்றரை மூட்டை ஏற்கெனவே இருக்கீங்க. மிச்சத்தையும் சாப்பிட்டு முடிங்க."