காலரில் குத்திய சீட்டுகள்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சலவைக் கடை மாடியறையிலிருந்து உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும். குறையாவிட்டாலும் அத்தை அதைப் பற்றிச் சொல்வதாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ எங்கள் முதலாளியம்மாவின் கடிதம் ஒன்று உங்களுக்கு வரும். அதை முதலில் படித்தால் நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போக வந்துவிடுவீர்கள். நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை, கெட்ட பேர் உங்களுக்கும்தான். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும் மாமா. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே துணி வாங்கும்போது கொடுத்தவரின் பேரைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, காலரின் பின்பக்கம் குண்டூசியால் குத்த வேண்டும். துவைக்கும்போது மட்டும் கழற்றி வைப்போம். திருப்பிக் கொடுக்கும்போது சீட்டை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அதுவும் என் வேலைதான். பேரைக் கேட்க வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்க வேண்டும், வாயையும் திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஓரக்கண்ணால் ஆளைப் பார்த்து, தெரிந்ததை எழுதிக் குத்தினேன். ‘கழுத்து இல்லாதவர்.’ ‘சாயம் போன மீசைக்காரர்.’ ‘எப்போதும் சண்டைக்கு நிற்பவர்.’ ‘திருடன் போல் இருப்பவர்.’ மரியாதைக் குறைவாக ஒன்றும் எழுதவில்லை, எல்லோருக்கும் ‘ர்’ போட்டிருக்கிறேன். இஸ்திரி போடும் அண்ணனுக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. “வெறும் பேர எழுதினா யாருன்னு யாருக்குத் தெரியும்? இப்பப் பாரு, கழுத்து இல்லாதவரு வாசப்படி ஏறும்போதே சட்டை என் கையில இருக்கு!” என்றார். ஐந்து மாதம் ஒரு துணிகூட மாறவில்லை. முதலாளியம்மாவே மெச்சிக்கொண்டார். அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, சீட்டைப் படித்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பல்வலி. மாடியில் படுத்துவிட்டேன். முதலாளியம்மாவே கவுண்டரில் நின்று பதினொரு துணிகளைக் கொடுத்தனுப்பினார், சீட்டோடு.

கழுத்து இல்லாதவர் சீட்டுக் குத்திய சட்டையைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போயிருக்கிறார். பெண்ணின் தங்கை பின்னாலிருந்து படித்துக் காட்டியிருக்கிறாள். எப்போதும் சண்டைக்கு நிற்பவர் மறுநாள் காலையிலேயே வந்து கவுண்டரைத் தட்டி, “யாருடி சண்டைக்கு நிக்கிறது? நானா சண்டைக்கு நிக்கிறேன்? வாடி வெளிய!” என்று ஒரு மணி நேரம் நின்றார். சாயம் போன மீசைக்காரர் மீசையில்லாமல் வந்தார், அவரை அடையாளம் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. எல்லோரும் திட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போன பிறகு எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.

சாயங்காலம் திருடன் போல் இருப்பவர் வந்தார். கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு, சிவந்த கண். வாராவாரம் வெள்ளைக் கோட்டுதான் கொடுப்பார். எங்கிருந்து எடுத்தாரோ என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஊசி போடுபவராம். நாள் முழுக்கச் சீட்டோடு வார்டைச் சுற்றியிருக்கிறார். “பரவால்லம்மா. பிள்ளைங்க சிரிச்ச சிரிப்புல இன்னிக்கு ஒண்ணுகூட அழல” என்று சொல்லி, சீட்டை மடிக்காமல் கவுண்டரில் வைத்தார். “கையெழுத்து நல்லா இருக்கு. கேட்டிருந்தா பேரு சொல்லியிருப்பேனே” என்றார். அவர் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கணக்குதான் காரணம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கணக்கு இல்லை மாமா. ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையோடு நீங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, “ஏ ஒட்டடக்குச்சி! சாப்பாட்ட மறந்துட்டியே!” என்று கூப்பிட்டீர்கள். வீட்டில் கூப்பிடுவது போல அன்பாகத்தான். மாடியில் மூன்று வகுப்புகளுக்குக் கேட்டது. மறுநாளிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் கூரை மூலையைக் காட்டுவார்கள். “அந்த மூலையில இருக்கு பாரு, அடிச்சிட்டு உக்காரு.” ஒருநாள் டீச்சரும் காட்டினார். அங்கே நிஜமாகவே ஒட்டடை இருந்தது, அடித்தேன். அதற்காக உங்கள் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. எப்போதோ மறந்துவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒருவர் வைத்த ஒரே பேருக்கு நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். நான் இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பேர் வைத்திருக்கிறேன். அவர்கள் விட்டுவிட்டுப் போக வேறு சலவைக் கடையும் பக்கத்தில் இல்லை.

முதலாளியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: “பதினோரு பேரையும் மூஞ்சியப் பாத்து மன்னிப்புக் கேளு. பேரக் கேட்டு எழுது. ஒருத்தர் மன்னிக்கலன்னாலும் பொட்டியக் கட்டு.” நான்கு நாளில் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். பத்துப் பேரும் பேர் சொன்னார்கள். மூன்று பேர் என் பேரையும் கேட்டார்கள். கழுத்து இல்லாதவரை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கழுத்து இருக்கிறது, தாடிதான் மறைத்திருக்கிறது. ஊசி போடுபவரின் பேர் ரொம்ப அழகான பேர்.

ஆகவே மாமா, நான் திருந்திவிட்டேன். யாரையும் எதையும் வைத்து எழுதுவதில்லை. என்னை அழைத்துப் போக வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம், சின்னவனுக்கு என் முத்தம்.

உங்கள் சொல்லைத் தட்டாத,
அக்கா மகள்.

பின்குறிப்பு: பதினோராவது துணி, வெளுத்து அனுப்பச் சொல்லி நீங்கள் அனுப்பியிருந்த கருநீலக் கோட்டு. அன்றைக்கே பார்சலில் போய்விட்டது. உங்கள் ஆபீஸ் விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டு மேடையேறப் போவதாக அம்மா சொன்னாள். இது வந்து சேரும்போது ஏறி இறங்கியிருப்பீர்கள். சீட்டில் ‘பள்ளிக்கூட வாசலில் சத்தமாகக் கூப்பிட்டவர்’ என்று இருக்கும். மன்னித்துவிட்டதாக முதலாளியம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். யாராவது முதுகுக்குப் பின்னால் சிரித்தால் திரும்பிப் பார்க்காதீர்கள் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் சீக்கிரம் வீடு வந்துவிடும்.