மெக்கானிக்குக்கு வந்த மறதி

டாக்டர் சொல்றதுல தனக்கு வேணுங்கறதை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு, மிச்சத்தை அங்கேயே விட்டுட்டு வர்றதுல லிஃப்ட் மெக்கானிக்கை அடிச்சுக்க ஆளில்ல.

"வருஷக்கணக்கா ரத்தத்துல சர்க்கரை ஏறியே இருந்தா, மூளைக்குப் போற பொடிப்பொடி ரத்தக்குழாயும் கெட்டுப்போகும்," டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. "பின்னால மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடும். வந்தே தீரும்னு சொல்லல. வாய்ப்பு கூடும்ங்கறேன். இப்பவே நடங்க, இனிப்பை விடுங்க, தொப்பையைக் குறைங்க."

பக்கத்துல இருந்த சம்சாரத்துக்கு முகம் செத்துப்போச்சு. வீட்டு முன்ரூம்ல தையல் மிஷின் போட்டுப் பொழைக்கிற பொம்பளை. அவர் பேன்ட் இடுப்பைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டதே அவங்கதான். இனி விடறதுக்கு உள்ளார துணி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பா தலைமறைவாயிடுச்சு. காலையில நடை, வேலை முடிஞ்சு வந்தா படி.

"லிஃப்ட் இருக்குல்ல? அதை ரிப்பேர் பண்றதே நான்தான்."

"ரிப்பேர் பண்ணுங்க. ஏறாதீங்க."

ஊர்ல உள்ளவனையெல்லாம் கால் நோகாம மேல ஏத்திவிடற மனுஷன், சொந்த வீட்டுக்கு மாடிக்கு மாடி நின்னு கம்பியைப் புடிச்சுக்கிட்டு ஏறினார். அவர் ஆசைப்பட்டது அரண்மனை இல்ல. நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸும் கேபிளுமா கெடந்துட்டு வந்தா, ஒரு டம்ளர் இனிப்பு டீ, ஒரு ஜாம் பன், கால் நீட்ட ஒரு நாற்காலி. அதுவும் இல்லைன்னா இது என்ன பொழப்பு?

குழிக்குள்ள உக்காந்து யோசிச்சப்பதான் பொறி தட்டுச்சு. மறதி வரலாம்னு டாக்டரே வாயால சொல்லியாச்சு. வர்றதுதான் வருது, கொஞ்சம் முன்னாடியே வந்தா யாரு என்ன கேக்கப்போறா?

அன்னிக்கே சாப்பிட்டு, கை கழுவி, தொடைச்சுட்டு, மறுபடியும் தட்டு முன்னாடி வந்து உக்காந்தார்.

"சாப்பாடு ஆச்சா?"

"இப்பத்தானே சாப்பிட்டீங்க."

"நானா?"

கத்தரிக்கோல் பாதித் துணியில நின்னுபோச்சு. "உங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சது," அவங்க குரல் இறங்கிடுச்சு. "கடைசியில என்னை யாருன்னே தெரியல. நர்ஸுன்னு நெனச்சு தினமும் நன்றி சொன்னாங்க. ஞாபகம் இருந்த காலத்துல ஒரு தடவை சொன்னதில்ல."

அவருக்கு உள்ள எங்கயோ சுருக்குன்னு குத்துச்சு. ஆனா அதுக்குள்ள தட்டு வந்துடுச்சு. தட்டு வந்துட்டா குத்தறதெல்லாம் மரத்துப்போயிடும்.

அப்புறம் என்ன, ராஜபோகம்தான். நடக்கணும்னா, "யாரு சொன்னா?" படி ஏறணும்னா, "எப்போ சொன்னே?" டீயைக் கையில வாங்கினா மட்டும், "இதுல சர்க்கரை இல்லியே." சம்சாரம் மூக்குக்கண்ணாடிக்கு மேல பாத்துட்டு மிஷினை மிதிச்சாங்க.

ஒரு காலையில வற்புறுத்தி அனுப்பினதுல நிஜமாவே நடந்துட்டார். வேர்த்து விறுவிறுத்து வந்து ஷூவைக் கழட்டினார்.

"என்னங்க உக்காந்துட்டீங்க? நடக்கப் போகல?"

"இப்பத்தானே போயிட்டு வர்றேன்."

"நீங்களா?" அவரோட அதே குரல். "பாவம், மறந்துட்டீங்க."

"சட்டை நனைஞ்சிருக்கு பாரு."

"அது நேத்து நனைஞ்சதுங்க."

வாசல்ல எதிர்வீட்டு சலூன்காரர் கடைக்குக் கிளம்பிட்டிருந்தார். மெக்கானிக் ஓடிப்போய் சாட்சிக்குக் கூப்பிட்டார். "தம்பி, காலையில கீழ கேட் பக்கத்துல என்னைப் பாத்தியே, சொல்லு."

சலூன்காரர் உள்ள ஒரு பார்வை பார்த்தார். அவர் கடைத் துணியெல்லாம் இந்த மிஷின்லதான் தைக்கிறது. "உங்களை இன்னிக்கு இப்பத்தானே அண்ணே பாக்குறேன்."

மெக்கானிக் மறுபடியும் ஷூவை மாட்டினார்.

சாயங்காலம் டூல்ஸ் பைக்குள்ள ஸ்பேனருக்கு அடியில ஜாம் பன் கடத்திட்டு வந்தார். தட்டுல வச்சுட்டு, கிரீஸ் கையைக் கழுவப் போனார். வந்து பாத்தா தட்டுல துணுக்கு மட்டும் கெடந்துச்சு.

"பன் எங்கடி?"

"தின்னுட்டீங்களே."

"எப்போ?"

"ரசிச்சு ரசிச்சு தின்னீங்க. எனக்குக்கூட ஒரு வாய் தரல." சொல்லிட்டு உதட்டோரத்தைத் தொடைச்சுக்கிட்டாங்க.

மறக்கலைன்னு சொன்னா குட்டு வெளிப்படும். மறந்துட்டேன்னா தின்னாத பன் தின்ன பன் ஆயிடும். நடுவுல மாட்டின லிஃப்ட் மாதிரி மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. தினமும் ரெண்டு நடை நடந்தார். பேன்ட் தொளதொளன்னு ஆச்சு. சம்சாரம் இடுப்பைப் புடிச்சுத் தைச்சாங்க.

அதுகூடப் பரவால்ல. ஒருநாள் வேலையில மெயின் சுவிட்சை அணைச்சோமா இல்லியான்னு குழிக்குள்ள நின்னு யோசிச்சார். ஏறிப்போய்ப் பாத்தார். அணைச்சுத்தான் இருந்துச்சு. திரும்ப எறங்கினதும் மறுபடியும் அதே சந்தேகம். அம்மா கடைசியில ஜன்னல் பக்கமே வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தது கண்ணுல வந்து நின்னுச்சு. நேரா வீட்டுக்கு வந்து, "வா, டாக்டர்கிட்ட போவோம்"னார். நடிப்பு இல்ல, நிஜ பயம்.

டாக்டரம்மா சில வார்த்தையைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னாங்க. வரைஞ்சார். பின்னாலேருந்து எண்ணச் சொன்னாங்க, நிறுத்துங்கன்னு சொல்ற வரைக்கும் எண்ணினார்.

"ஞாபகம் பளிச்சுன்னு இருக்கு. சர்க்கரையும் நல்லா எறங்கியிருக்கு. என்னம்மா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர். அவரு மறந்தாரு, நான் ஞாபகப்படுத்தினேன்."

வெளிய வந்ததும் மெக்கானிக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"முதல்ல நிஜம்னு நெனச்சு பாத்ரூம்ல போய் அழுதேங்க. அப்புறம்தான் யோசிச்சேன். எல்லாத்தையும் மறக்கிற மனுஷன், டீயில சர்க்கரை இல்லைங்கறதை மட்டும் ஒரு தடவைகூட மறக்கலையே."

வீட்டுக்கு வந்ததும் மாடி வரைக்கும் படியிலேயே ஏறினார், யாரும் சொல்லாமலே. இனிமே நடிப்பில்லை, ஒழுங்கா ஒரே ஒரு நடை, முடிஞ்சது விஷயம்னு மனசுக்குள்ள சபதம் எடுத்தார்.

மறுநாள் காலையில அந்த ஒரு நடையை முடிச்சுட்டு வந்து, நாற்காலியில சாஞ்சு, நிம்மதியா காலை நீட்டினார்.

"நடக்கப் போகலையாங்க?"

"நடந்தாச்சு. எனக்கு ஞாபகம் பளிச்சுன்னு இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு."

"உங்களுக்கு இருக்குங்க," அவங்க ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொன்னாங்க. "எனக்குத்தான் இப்பல்லாம் மறதி. நீங்க போனதா ஞாபகமே இல்ல."

மெக்கானிக் குனிஞ்சு ஷூவைத் தேடினார்.