மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்த்தார்

பேய்ப் படத்தில் பேய் வந்த பிறகு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. அது வருவதற்கு முன்னால் ஓடும் அந்தத் தொடக்கக் காட்சிதான் ஆளைக் கொல்லும். காலியாக ஒரு வீடு, பாதி திறந்த கதவு, அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கும் பால். ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததுதான் பயம். திருச்சியில் விஸ்காம் படித்த காலத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். (மிச்சப் பாடத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸே கிடையாது.)

கற்றதை எங்கே காட்டுவது என்று துடித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் குரும்பலூர், மாப்பிள்ளை வீடு விக்கிரமங்கலம். வரவேற்பில் பெரிய திரையில் போடுவதற்கு, இரண்டு குடும்பத்தையும் அறிமுகப்படுத்தி ஒரு சின்னப் படம் வேண்டும் என்றார் மாப்பிள்ளை.

"வெளியாளு எதுக்குங்க மாமா, நான் இருக்கேன்ல" என்றேன்.

அக்காவுக்குத்தான் சந்தேகம். "ஒழுங்கா எடுப்பியாடி?"

"மொத சீன்லயே எல்லாரும் சீட்டு நுனிக்கு வந்துருவாங்க பாரு."

சொன்னபடியே செய்தேன். (அதுதான் பிரச்சினை.)

மாப்பிள்ளையின் அம்மாவை எடுத்தவுடன் காட்டக் கூடாது என்பது என் திட்டம். முதலில் ஆளில்லாத கூடம். பிறகு தானாக ஆடும் ஊஞ்சல். மெதுவாகத் திறக்கும் கதவு. சமையலறையில் முதுகு மட்டும் தெரியும் ஓர் உருவம். யார் இது, யார் இது என்று எல்லோரும் தவிக்க, கடைசியில் அத்தை திரும்பிச் சிரித்து மருமகளை வரவேற்பார். பயம் போய்ப் பாசம் பொங்கும். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அத்தை அதிகம் பேசாதவர். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார், திரும்பச் சொன்னபோது திரும்பினார். "வாம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்ற வசனத்தையும் ஒரே டேக்கில் சொல்லிவிட்டார். குரல் கொஞ்சம் கரகரப்பு. அதற்கு அடியில் ஒற்றை வயலினைச் சேர்த்தேன்.

பெரம்பலூர் மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். காலிக் கூடம் வந்ததும் பேச்சு நின்றது. ஊஞ்சல் ஆடியதும் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குப் போனார்கள். கதவு கிரீச்சென்று திறந்தபோது மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் பெருமையில் மிதந்தேன். அத்தை திரும்ப ஆரம்பித்தார். பாதி திரும்பியபோது லேப்டாப் ஹேங் ஆகிவிட்டது.

இமை பாதி மூடி, வெள்ளை விழி மட்டும் தெரிய, வாய் ஒரு பக்கம் கோணியபடி அத்தை திரை முழுக்க நின்றார். ஒலி மட்டும் நிற்கவில்லை. "உனக்காகத்தான்... உனக்காகத்தான்... உனக்காகத்தான்..."

ஒரு குழந்தை வீறிட்டது. உடனே எல்லாக் குழந்தைகளும். மேடையில் இருந்த அக்கா மாலையோடு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதாள். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"எங்க அண்ணிய பேயின்னு காட்டத்தான் கூப்புட்டீங்களா? கெளம்புங்கப்பா, வேன எடுக்கச் சொல்லு."

பந்தியில் இருந்தவர்களும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். அப்பா ஒவ்வொருவரையாகக் கும்பிட்டுத் தடுத்துக்கொண்டிருந்தார். விடிந்தால் தாலி கட்ட வேண்டும்.

அப்போது அத்தை எழுந்தார். யாரிடமும் பேசாமல், பட்டுப்புடவை சரசரக்க, மெதுவாக என்னை நோக்கி நடந்து வந்தார். (இப்படியொரு சஸ்பென்ஸை நான் இன்றுவரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.)

"ஏம்மா, எங்க வூட்டுக் கதவு எப்ப கிரீச்சுன்னுச்சு?"

"அது... நெட்லேர்ந்து எடுத்த சத்தங்க அத்தை."

"மாசாமாசம் எண்ணெ விட்டு வச்சிருக்கேன். இப்படி ஊர் முன்னாடி போட்டுக் காட்டிட்டியே." பிறகு கொழுந்தனாரிடம் திரும்பினார். "நீ எங்க கெளம்புற? போய் உக்காந்து சாப்புடு. அவ சின்னப் புள்ள." திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மூஞ்சி நல்லாத்தான் வந்திருக்கு."

அதன்பின் மேடையேறி அக்காவின் கையைப் பிடித்தார். "இப்ப நேர்ல பாரு. பயமாவா இருக்கு?" அக்கா அழுகையோடு சிரித்தாள். காலையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

எனக்கு அரியலூரிலிருந்து வரன் வந்தபோது, அவர்கள் என்னைப் பற்றி விசாரித்தது அத்தையிடம்தான். "தங்கமான பொண்ணுங்க, யோசிக்காம கட்டுங்க. கேமராவ மட்டும் கையில குடுத்துராதீங்க" என்றாராம். நிச்சயதார்த்தத்தில் என் மாமியார் போட்ட ஒரே நிபந்தனையும் அதுதான். இன்றைக்கும் என் மாமியார் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும், முதல் வேலையாக என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள்.