யானையை ஜப்தி செய்த நரி வக்கீல்

ஒரு காட்டில் ஒரு நரி வக்கீல் இருந்தது. கடன் வசூல் கேஸ் மட்டும்தான் எடுக்கும். வேறு எந்தக் கேஸும் அதைத் தேடி வராது என்பது வேறு விஷயம். அந்த நரி யார் என்று இழுத்தடிப்பானேன்? நான்தான்.

'கடன் வசூல் நிபுணர்' என்று மரத்தில் போர்டு மாட்டியிருந்தேன். நிபுணர் பட்டத்தை நானே கொடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பவளக்கொடி என்ற முயலம்மா மூச்சிரைக்க வந்தாள். மகள் கல்யாணத்துக்கு ஒரு கட்டுக் கரும்பு சேர்த்து வைத்திருந்தாளாம். யானை கனகசபாபதி அதைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லையாம்.

"அவ்வளவு பெரிய உருவம் வந்து கேட்கிறப்போ இல்லைன்னு எப்படிங்க சொல்றது? தை பொறந்தா கல்யாணம். கரும்பு இல்லேன்னா மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிடுவாங்க" என்று அழுதாள்.

"கவலையை விடுங்கம்மா. ஒரு நோட்டீஸ் விட்டா மனுஷன் ஆடிப்போயிடுவார்" என்றேன்.

ஆடவில்லை. நோட்டீஸைத் தின்றுவிட்டு, காகிதம் நன்றாக இருந்ததாகச் சொல்லி அனுப்பினார்.

கேஸ் போட்டேன். யானை கோர்ட் பக்கமே வரவில்லை. ஆமை நீதிபதி எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். என் வாழ்நாளின் முதல் வெற்றி! சந்தோஷத்தில் கோர்ட்டிலேயே ஊளையிட்டுத் திட்டு வாங்கினேன்.

ஜப்திக்குப் போனோம். கனகசபாபதிக்கு வீடு இல்லை, நிலம் இல்லை, ஒரு பானைகூட இல்லை. இருந்தது அவர் மட்டும்தான்.

"அப்போ இவரையே ஜப்தி செய்யுங்க!" என்று கத்தினேன். என்ன மூளை எனக்கு!

யானை தானாகவே காலை நீட்டிச் சங்கிலியை மாட்டிக்கொண்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆமை நீதிபதி மெதுவாகச் சொன்னார்: "ஜப்தியான பிராணிக்கு ஏலம் போகிற வரைக்கும் தீனி போடவேண்டியது ஜப்தி கேட்டவங்க. சட்டத்துல இருக்கே வக்கீலய்யா, படிக்கலையா?"

படித்தேன். அந்தப் பக்கம் வந்தபோதுதான் தூங்கிப்போனேன்.

ஏலத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. முயல் வீட்டு வாசலில் யானை நின்றது. கல்யாணத்துக்கு வைத்திருந்த கிழங்கு, பூசணி, பந்தல் தோரணம் எல்லாம் உள்ளே போயின.

"அடப்பாவி! கரும்பு வாங்கித் தரச் சொன்னா யானையைக் கொண்டுவந்து கட்டிட்டியே! என் பொண்ணு கல்யாணம் நின்னா நீதான்யா பொறுப்பு" என்று பவளக்கொடி என் வாலைப் பிடித்து உலுக்கினாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கரடியிடம் போய் என் பேரில் கடன் சொல்லிக் கரும்பும் கிழங்கும் வாங்கி வந்தேன். ஜப்தி மனுவையும் வாபஸ் வாங்கினேன். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. யானை முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, "நல்ல இடம். கெடுத்துட்டீங்களே வக்கீலய்யா" என்று வருத்தத்தோடு கிளம்பிப் போனது.

என் ஃபீஸைக் கேட்டேன். பவளக்கொடி பார்த்த பார்வையில், வாங்காத ஃபீஸுக்கு நானே ரசீது கொடுத்துவிட்டு வந்தேன்.

கரடிக் கடனை எங்கிருந்து கட்டுவது? கரடி ஒரு ஓநாய் வக்கீலை வைத்தது. புதுசாகத் தொழிலுக்கு வந்த பையன். ஜப்திக்கு வந்து என் குகையைச் சுற்றிப் பார்த்தான். அந்தப் போர்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"அப்போ இவரையே ஜப்தி செய்யுங்க!" என்று துள்ளினான்.

பாவம். நான் தானாகவே காலை நீட்டினேன்.

இப்போது கரடி வீட்டு வாசலில்தான் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு மூன்று வேளையும் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. ஓநாய்ப் பையன் தினமும் வந்து கரடியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போகிறான். நேற்று ரொம்ப இளைத்துத் தெரிந்தான். மனசு கேட்கவில்லை. கிட்டே கூப்பிட்டேன்.

"தம்பி, யார்கிட்டயாவது ஒரு கட்டுக் கரும்பு கடன் கேட்டுப் பாரேன்" என்றேன்.

நீதி: கடன் வசூல் தொழிலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, சங்கிலியின் எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.